அந்த 45 நாள் என்றைக்கு ஆரம்பிக்கிறது?

செய்தித்தாளைப் பிரித்தால் கண்ணில் படுகிறது. போனைத் திறந்தால் கண்ணில் படுகிறது. '45 நாளில் உங்கள் வீட்டு இன்டீரியர் ரெடி!' சிலர் 30 நாள் என்கிறார்கள். ஒரு புண்ணியவான் 21 நாள் என்றே போட்டிருந்தார். கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிக்க ஆகிற கணக்கு அது. கோழிகூட அதற்கு விளம்பரம் கொடுப்பதில்லை!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது சமீபத்தில் வீட்டுக்கு இன்டீரியர் செய்திருந்தால் ஒரு போன் போடுங்கள். இரண்டே கேள்வி. "எத்தனை நாள்னு சொன்னாங்க? எத்தனை நாள் ஆச்சு?" முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு முதலில் ஒரு பெருமூச்சு வரும். அப்புறம் அரை மணி நேரம் போனை வைக்க மாட்டார்கள்.

நாமும் என்ன செய்கிறோம்? "இந்த கான்ட்ராக்டர்களே இப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆசாரி சோம்பேறி என்பதாலோ, மேஸ்திரி பொய்யர் என்பதாலோ தாமதம் ஆவதில்லை. தாமதத்துக்கான இடம் நீங்கள் கையெழுத்துப் போட்ட கொட்டேஷனிலேயே இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

எடுத்துப் படித்துப் பாருங்கள். 45 நாள் என்பது நீங்கள் அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து இல்லை. முதலில் டிசைனர் வருவார், அளவெடுப்பார். 3டி படம் வரும். பூஜை அறை கிழக்கே பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்வார், படம் மாறும். லேமினேட் புத்தகத்தில் நானூறு கலர், அதில் வெள்ளையே முப்பது விதம். இது முடிய ஒரு மாதம் சர்வசாதாரணம். இடிப்பு, பூச்சு எல்லாம் முடிந்த பிறகு 'ஃபைனல் மெஷர்மென்ட்'. அதன்பின் நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு, இரண்டாவது தவணையும் கட்ட வேண்டும். அப்போதுதான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப்படுகிறது!

அதிலும் பொடி எழுத்தில் 'வேலை நாட்கள்' என்று இருக்கும். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 45 வேலை நாள் என்பது காலண்டரில் 52 நாளைத் தாண்டிவிடும். பண்டிகை லீவு தனி. அடுத்த வரியில் 'சிவில் வேலை, எலெக்ட்ரிக்கல், பெயின்டிங், ஃபால்ஸ் சீலிங் நீங்கலாக'. அதற்கும் அடுத்த வரியில் 'சைட்டைத் தயாராக வைத்திருப்பது வாடிக்கையாளர் பொறுப்பு'. எல்லாக் கம்பெனியும் இந்த மூன்றையும் போடுவதில்லை. ஆனால் ஒன்றாவது இல்லாத கொட்டேஷனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆக, பொய் சொன்னது யார்? யாருமே இல்லை. 45 நாள் என்பது தொழிற்சாலையில் பெட்டி செய்து, கொண்டுவந்து, சுவரில் மாட்டுகிற நேரம். நாம்தான் அதை வீடு முடிகிற நேரம் என்று வாசித்துக்கொண்டோம். நாம் அப்படித்தான் வாசிப்போம் என்று விளம்பரம் எழுதினவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, நிஜத்தில் எவ்வளவு நாள் ஆகும்? புது ஃபிளாட், இரண்டு படுக்கையறை, இடிக்கிற வேலை எதுவும் இல்லை என்றால், டிசைன் பேச ஆரம்பித்த நாளிலிருந்து மூன்றரை, நாலு மாதம். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்து முப்பது வருஷப் பழைய ஃபிளாட்டில் பாத்ரூமை உடைத்து, வயரிங்கை மாற்றிச் செய்வதாக இருந்தால் ஐந்திலிருந்து ஆறு மாதம். வேலை முடித்தவர்களையும் வேலை செய்கிறவர்களையும் கேட்டு நான் போட்ட கணக்கு இது. இதற்குக் குறைத்துச் சொல்கிறவர் ஒன்று மந்திரவாதி, இல்லை சேல்ஸ்மேன்.

ஏன் இவ்வளவு? சில வேலைகளை மிரட்டி வாங்க முடியாது. பாத்ரூம் டைல்ஸை உடைத்தால் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டி, ஒரு நாளாவது இரண்டு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டு மாமி கூரையில் ஈரம் தெரிகிறது என்று மாடியேறி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சிமென்ட் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு சுவர் காய மூன்று நாலு வாரம். அதற்குள் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் சுவர் அப்பளம் மாதிரி கொப்புளிக்கும். வயரிங்குக்குக் காடி வெட்டின சுவருக்கும் இதே கதைதான்.

அப்புறம் அசோசியேஷன். காலை பத்துக்கு முன் டிரில்லிங் கூடாது. மத்தியானம் பெரியவர்கள் தூங்குகிற நேரம், சத்தம் கூடாது. ஐந்து மணிக்கு மேல் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் கேட்டையே திறக்க மாட்டார். எட்டு மணி நேரக் கூலி வாங்குகிற ஆள் நிம்மதியாக மெஷின் ஓட்டுவது நாலு மணி நேரம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பழைய லிஃப்ட்டில் நுழையாது, மூணாவது மாடிக்குப் படியில்தான் ஏற வேண்டும். சைடன்ஹாம்ஸ் சாலையில் வாங்கின பலகை லஸ் வந்து சேருவதும் லேசில்லை. 2-ம் கட்ட மெட்ரோ வேலை மயிலாப்பூரையும் பனகல் பார்க்கையும் அடையாறையும் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகருக்குள் ஒரு டாடா ஏஸ் நுழைவதை விட, ரங்கநாதன் தெருவில் நிமிர்ந்து நடப்பது சுலபம்.

தீபாவளி என்றதும் மழை ஞாபகம் வரும். வரவேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது மரத்துக்கு மெலமைன் பாலிஷ் அடித்தால் வெள்ளை பூத்து நிற்கும். பட்டி காயாது. பிளைவுட்டைத் தரைத்தளத்தில் அடுக்கி வைப்பது எப்படி முடியும் என்று 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களிடம் கேளுங்கள். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், பீகார் பக்கத்து மர வேலைக்காரர்களும் இதே மாதங்களில்தான் தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள். போனால் மூன்று வாரம். அவர்களைத் திட்டாதீர்கள். வருஷத்துக்கு ஒருதரம் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கப் போகிற மனுஷன் அவன்.

இந்த மழை புதிதா? இந்த அசோசியேஷன் புதிதா? சட் பூஜை நேற்றைக்கா வந்தது? எல்லாமே காலண்டரில் இருக்கிறது. பத்து வருஷமாகத் தொழில் செய்கிறவருக்கு ஆவணியில் ஆரம்பித்து தீபாவளிக்குள் முடியாது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தே 'முடிச்சிடலாம் சார்' என்கிறார். முடியாது என்று சொன்னால் நீங்கள் அடுத்த ஆளிடம் போய்விடுவீர்கள். அதனால் இதில் நமக்கும் பங்கு உண்டு. 120 நாள் என்று நாணயமாகச் சொன்னவரை விட்டுவிட்டு, 45 என்றவரிடம் செக்கைக் கொடுத்தது நாம்தானே?

செக் என்றதும் என் பி.காம். புத்தி விழித்துக்கொள்கிறது. தேதியை விட முக்கியமானது தவணை. புக்கிங்குக்கு 10 சதவிகிதம், வேலை ஆரம்பிக்க 50, சரக்கு கிளம்புவதற்கு முன் 35 என்று பலரும் கேட்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், 95. உங்கள் வீட்டுக்குள் ஒரு பலகை வருவதற்கு முன்னாலேயே 95 சதவிகிதப் பணம் உங்கள் கையை விட்டுப் போயாச்சு! மீதி 5 சதவிகிதத்துக்காக அவர் ஓடி வந்து கீல் மாட்டுவார் என்று நினைக்கிறீர்களா?

அந்தப் பணம் எங்கே போகிறது? பல இடங்களில், இன்னொரு வீட்டுக்கு. அடையாறு பார்ட்டி கொடுத்த அட்வான்ஸில் தி.நகர் சைட்டுக்கு பிளைவுட் போகும். மயிலாப்பூர் அட்வான்ஸில் அடையாறு நிமிரும். மயிலாப்பூருக்கு, அடுத்து எவராவது வந்து சிக்க வேண்டும். எந்த சைட்டில் இன்னும் பணம் வர வேண்டியிருக்கிறதோ, அங்கே ஆள் இருப்பார்கள். முழுப் பணமும் வந்துவிட்ட சைட்டில் ஒரு ஏணியும் இரண்டு பெயின்ட் டப்பாவும் இருக்கும்.

12 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். 95 சதவிகிதம் என்றால் 11 லட்சத்து 40 ஆயிரம். மூன்று மாதத் தாமதத்துக்கு, வருஷம் 9 சதவிகித வட்டியில், 25,650 ரூபாய். இது நீங்கள் அவருக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடனின் மதிப்பு. இருக்கிற வீட்டுக்கு மாசம் 35 ஆயிரம் வாடகை என்றால் மூன்று மாதத்துக்கு 1 லட்சத்து 5 ஆயிரம். புது ஃபிளாட்டின் இ.எம்.ஐ. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 'கொஞ்சம் லேட் ஆயிடுச்சு சார்' என்ற அந்த ஒரு வாக்கியத்தின் விலை இது.

ஆகவே தவணையைத் தேதிக்குக் கட்டாதீர்கள், முடிந்த வேலைக்குக் கட்டுங்கள். சமையலறைப் பெட்டிகள் மாட்டி, கதவு திறந்து மூடினால் இவ்வளவு. அலமாரி முடிந்தால் இவ்வளவு. வீட்டைப் பெருக்கிச் சாவி கொடுத்த பிறகு 10 சதவிகிதம். முடிந்தால் அதில் பாதியை இன்னும் மூன்று மாதம் பிடித்து வையுங்கள், கீல் தொங்குகிறதா, டிராயர் சேனல் ஓடுகிறதா என்று பார்க்க. 'யாரும் இப்படிக் கேக்கறதில்லையே சார்' என்பார். அரசாங்க ஒப்பந்தங்களில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பது காலம் காலமாக நடப்பதுதான். நியாயமான கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார், கடைசியில் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவர் உங்கள் பணத்தில் வேறு வீடு முடிக்கப் போகிறவர்.

அதே பேப்பரில் உங்கள் பக்கத்தையும் எழுதுங்கள். பாதி வேலையில் 'அந்த லாஃப்ட்டைக் கொஞ்சம் ஆழமாக்குங்களேன்' என்று நீங்கள் கேட்டால், அதற்கு எத்தனை ரூபாய், எத்தனை நாள் என்று அன்றைக்கே எழுத்தில். மச்சினர் அழைத்து வருகிற வாஸ்துக்காரருக்கும் இது பொருந்தும். நீங்கள் கூட்டின பத்து நாளை அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

'பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. மிச்சம் சார்' என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். மிச்சமாவது வரி மட்டும் இல்லை, சாட்சியமும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டைக் கட்டித் தாமதம் செய்கிற பில்டருக்கு 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது, வட்டி கட்ட வைக்கும். உள்ளே அலமாரி செய்கிறவரை அந்தச் சட்டம் தொடாது. ஆனால் கட்டுமானப் பணியும் 'சேவை'தான் என்று 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். சாதாரண வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஹும்... அங்கேயும் ஒரு '45 நாள்' இருக்கிறது, பார்த்தீர்களா?

காலேஜில் மெர்கன்டைல் லா என்று படித்த 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இதைவிடக் கைகொடுக்கும். தேதியே எழுதாத ஒப்பந்தத்தை 'நியாயமான காலத்துக்குள்' முடித்தால் போதும் என்கிறது 46-வது பிரிவு. எது நியாயம் என்று சண்டை போட்டே இன்னொரு வருஷம் ஓடிவிடும். அதனால்தான் முடிகிற தேதி, தாண்டினால் வாரத்துக்கு இவ்வளவு ரூபாய் கழிவு, இரண்டையும் எழுதச் சொல்கிறேன். கட்டட வேலைகளில் காலம்தான் உயிர்நாடி என்று நீதிமன்றங்கள் தானாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தில் இருந்தால்தான் பேச முடியும்.

55-வது பிரிவில் கடைசியாக ஒரு பத்தி உண்டு. குறித்த காலத்தில் முடியாததால் ரத்து செய்திருக்கக்கூடிய ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த வேலையை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்கிற சமயத்திலேயே 'கேட்கப்போகிறேன்' என்று தெரிவித்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்தச் சமயம் எப்படி இருக்கும்? மறுநாள் விடிகாலை கணபதி ஹோமம். வாசலில் மாவிலை கட்டுகிறார்கள். கான்ட்ராக்டர் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்து, 'திருப்தியாக முடிந்தது' என்று அச்சடித்த காகிதத்தை நீட்டுகிறார். நல்ல நாள் அதுவுமாக எதற்கு மனஸ்தாபம் என்று நீங்கள் பேனாவைத் தேடுகிறீர்கள்.

கையெழுத்துப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் கீழே உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்: 'இத்தனை நாள் தாமதமாகப் பெற்றுக்கொண்டேன். நஷ்டஈடு கேட்கும் உரிமை எனக்கு உண்டு.' தேதி போட்டு, வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பிவிட்டு, அப்புறம் ஸ்வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.