உடையவன் பாராத வண்டி

"உடையவன் பாராப் பயிர் உருப்படாது" என்பது பழமொழி. கொங்கு நாட்டில் இதை வாயால் சொல்லுகிறவர்களைவிடக் காலால் நடந்து காட்டுகிறவர்களே அதிகம். கருக்கலில் எழுந்து வரப்பைச் சுற்றி வராத விவசாயி இந்தப் பக்கத்தில் அபூர்வம். அந்த விவசாயியின் பேரர் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார். கம்பெனிக்குள் நுழைந்ததும் நூலைத் தொட்டுப் பார்க்கிறார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தையல் ஓரத்தை இழுத்துப் பார்க்கிறார். ஒரு தையல் விட்டுப் போனால் கடல் கடந்த சரக்கும் பழிச்சொல்லோடு திரும்பும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் லக்ஷக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய மோட்டார் காரை மட்டும் அவர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. சாவியைத் திருகுகிறார், வண்டி புறப்படுகிறது, அத்தோடு சரி!

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014-ஆம் வருஷத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரை வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வண்டியின் முன்மூடியைத் தூக்காமல் ஒரு வாரம் ஓட்டினோம் என்று சொல்லக் கூடியவர் வெகு சிலரே. தண்ணீர் குறையும், எண்ணெய் கசியும், மேட்டில் மூச்சு வாங்கும். சொந்தக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பாதி மெக்கானிக்காக ஆகிவிடுவார். இப்போது வருகிற வண்டிகள் அப்படி அல்ல. மாதக் கணக்கில் முனகாமல் உழைக்கின்றன. யந்திரம் நல்லதாக ஆக ஆக, மனிதனுடைய சோம்பல் வளர்ந்து வருகிறது. ஆனால் முனகாத வண்டிக்கு நோயே வராது என்று நினைப்பது, அழாத குழந்தைக்குப் பசியே இராது என்று நினைப்பதைப் போன்றதுதான்.

யந்திரத்தைக் கையால் தொட்டு அறிவது கௌரவக் குறைவு என்று எண்ணுகிறவர்களுக்கு நம்முடைய பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டார். கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறிப் பவனி வரவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டு அவர் தொடங்கிய தொழில் பெரிய மோட்டார் ஸ்தாபனமாக வளர்ந்ததற்கு அஸ்திவாரம், அந்தக் கழற்றிப் பூட்டிய கைதான். நாம் எல்லோரும் வண்டியைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. (போடவும் வேண்டாம், மறுபடி பூட்டுவதற்கு ஆள் தேட நேரும்.) தினம் ஐந்து நிமிஷமும், வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரமும் செலவழித்தால் போதும்.

காலை ஆஜர்

பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஆஜர் எடுப்பது போல, வண்டி புறப்படுவதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். நாலு டயர்களும் ஒரே மாதிரி நிற்கின்றனவா? ஒன்று மட்டும் தளர்ந்து உட்கார்ந்திருக்கிறதா? வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரமோ, எண்ணெய்ப் பிசுக்கோ உண்டா? விளக்குகள் எரிகின்றனவா? சக்கரத்தின் பின்னால் குழந்தையோ, நாய்க்குட்டியோ இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்காக மட்டுமே கூடத் தினந்தோறும் ஒரு சுற்று வருவது தகும்.

டயர் விஷயத்தில் நம்மவர்களுடைய அலக்ஷ்யத்துக்கு அளவே இல்லை. காற்றின் அளவை வாரம் ஒரு முறையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகையால் காலையில், குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒட்டியிருப்பார்கள். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது அதன் பக்கச் சுவர்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறுகின்றன. அவினாசியையும் பெருமாநல்லூரையும் தொட்டுச் செல்லும் கோவை-சேலம் நெடுஞ்சாலையில் சித்திரை வெயிலில் வேகமாகப் போகும்போது, அந்தச் சூடே டயரை வெடிக்கச் செய்கிறது. வண்டியில் இருப்பவர்கள் யார் என்று டயர் விசாரித்துவிட்டு வெடிப்பதில்லை.

டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் அதை மாற்றிவிட வேண்டும். சட்டமும் அப்படியே சொல்லுகிறது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், வயதான டயரை நம்பலாகாது. ரப்பர், சும்மா இருந்தாலும் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் இந்த ஜாதகத்தையும் ஒரு தரம் பார்க்கலாம். உதிரிச் சக்கரத்தையும் மறக்க வேண்டாம். வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்னும் ஊரில் உள்ள ஸ்டெப்னி வீதியின் பெயர்தான் அதற்கு வழங்குகிறது. அந்த வீதியின் கம்பெனி மறைந்து எத்தனையோ காலம் ஆகியும், நம் ஊர்ப் பட்டறைகளில் அது இன்னும் 'ஸ்டெப்னி'தான். பெயர் நிலைத்ததைப் போல அதில் காற்றும் நிலைத்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

தண்ணீரும் எண்ணெயும்

வாரத்துக்கு ஒரு நாள், சம தரையில் வண்டியை நிறுத்தி, யந்திரம் ஆறிய பிறகு முன்மூடியைத் திறக்க வேண்டும். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்குதான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கிறவர்கள் முகத்தையும் கையையும் வேக வைத்துக் கொள்வார்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் பீறிட்டு எழும். அதில் ஊற்றுவதற்கு உரிய கூலண்ட்டை விட்டுவிட்டு ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், வீட்டு அண்டாவில் படிகிறாற்போல உள்ளே உப்புப் படிந்து குழாய்களை அடைக்கும். பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, உலர்த்தி, சிறிது வாஸலின் தடவ வேண்டும். கழற்றும்போது எதிர் முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியில் பூட்டுவது முறை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும் குணம் உடையது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரமாவது அதை மாற்றச் சொல்லுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் யந்திர எண்ணெய்க் கவலையிலிருந்து தப்பினார்கள். டயர், பிரேக் கவலையிலிருந்து தப்பவில்லை.

திருப்பூர்க்காரருக்கென்று ஒரு தனிப் பாடம் உண்டு. நூற்பாலை முற்றத்திலும் பின்னல் கூடங்களின் ஓரத்திலும் நிற்கும் வண்டிகளின் முகப்பு வலையில் பஞ்சுத் துகள் படியும். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் அது கம்பளிப் போர்வை போலாகிவிடும். யந்திரம் மூச்சு விடும் காற்று வடிகட்டியையும், ஏ.ஸி. காற்றை வடிக்கும் சிறு வடிகட்டியையும் புஸ்தகத்தில் சொல்லியிருக்கும் தவணைக்கு முன்னாலேயே கழற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். ஊர் நமக்குச் சோறு போடுவதும் பஞ்சால்தான்; வண்டிக்கு மூச்சு முட்டுவதும் பஞ்சால்தான்.

பட்டறையில் கழித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்பதும் சொந்தக்காரரின் கடமை. சாக்கடையில் ஊற்றினால் அது நொய்யலுக்குத்தான் போய்ச் சேரும். நொய்யல் பட்ட பாடு போதும். சாயக் கழிவின் காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், அப்போது ஊர் பட்ட அல்லலையும் நாம் மறக்கலாகாது. கழிவு எண்ணெயை உரிய முறையில் சேகரிக்கிறவர்களிடம் கொடுக்கும் பட்டறையாகப் பார்த்துப் போவோம்.

பனியன் துணியின் பெருமை

தேசமெங்கும் பட்டறைகளில் கை துடைப்பதற்கும் யந்திரம் துடைப்பதற்கும் உபயோகமாகிற பொருள் எது? திருப்பூரில் கட்டிங் மேஜையிலிருந்து விழுந்த பனியன் வேஸ்ட்! நமக்கோ அது வாசலிலே கிடைக்கிறது. சுத்தப் பருத்திப் பின்னல் துணி மிருதுவானது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பாலியெஸ்டர் கலந்தது உறிஞ்சாது. பொத்தானும் ஜிப்பும் தடித்த தையலும் இல்லாத துண்டுகளாகப் பொறுக்கி, ஒரு தரம் துவைத்து வைத்துக் கொள்ள வேண்டும். மேல் பாகத்துக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, உள்ளே துடைக்க ஒன்று என்று தனித்தனியாக இருக்கட்டும். சக்கரம் துடைத்த துணியால் கதவைத் துடைத்தால், மணல் கீறிக் கோலம் போட்டுவிடும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மெருகை உரித்துவிடும். வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூவே நல்லது. உப்புத் தண்ணீரை வெயிலில் உலர விட்டால் வெள்ளைப் புள்ளிகள் நிலைத்துவிடும். ஆகவே உடனுக்குடன் துடைத்துவிடுங்கள். ரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டு வண்டிக்கு அபிஷேகம் செய்வது தண்ணீரின் அருமை தெரிந்த ஊருக்கு அழகல்ல. இரண்டு வாளி போதும்.

வண்டிக்குள் வீடு

வண்டியின் உட்புறம் வீட்டின் ஓர் அறைதான். அதைக் கவனிப்பதில் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஆடவர்களைவிடக் கூர்மையான கண் உண்டு. விரிப்புகளை எடுத்து உதறி, இருக்கைச் சந்துகளில் உள்ள துணுக்குகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். முறுக்குத் தூளும் கடலையும் சிந்திக் கிடந்தால் எலி வரும்; வந்த எலி முறுக்கோடு நில்லாது, ஒயர்களையும் ருசி பார்க்கும். பளபளப்புக்காக விற்கும் எண்ணெய்ப் பூச்சுக்களை ஸ்டியரிங்கிலும் மிதிகளிலும் தடவவே கூடாது. கையும் காலும் வழுக்கும். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதுமானது.

எல்லாவற்றையும்விட முக்கியம், டிரைவரின் காலடி. அங்கே ஒரு தண்ணீர்ப் பாட்டில் உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் மாட்டிக்கொண்டால், எத்தனை லக்ஷ ரூபாய் வண்டியானாலும் நிற்காது. நழுவிக் குவியும் விரிப்பும் அப்படியே. பாட்டிலுக்கு உரிய இடம் கதவுப் பை. பின் இருக்கையின் பெல்ட்டுகள் இருக்கைக்கு அடியில் புதைந்திருந்தால் வெளியே எடுத்து, இழுத்து, மாட்டிப் பாருங்கள். குழந்தைகளும் பாட்டியும் உட்காரும் இடம் அதுதானே?

மூடிய வண்டி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால், உள்ளே வெளியிலிருப்பதைவிட 20 டிகிரிக்கும் மேல் உஷ்ணம் ஏறிவிடும். பங்குனி, சித்திரையில் அது அடுப்புக்குச் சமானம். 'ஐந்து நிமிஷம்தானே, கடைக்குப் போய் வந்துவிடுகிறேன்' என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீர்கள். மூடிய ஷெட்டில் யந்திரத்தை ஓட விட்டு, ஏ.ஸி. சுகத்தில் கண் அயர்வதும் அதே போன்ற ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும்.

இதில் தேசத்துக்கு என்ன?

சொந்த வண்டியைத் துடைப்பதில் தேசபக்தி எங்கே வந்தது என்று சிலர் சிரிக்கலாம். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய தேசங்களிலிருந்து வருகிறது. டயரில் காற்றுக் குறைந்தாலும், வடிகட்டி அடைத்திருந்தாலும், யந்திரம் அதிகமாக உழைக்கிறது. அந்த அதிகப்படிக்குத் தேசத்தின் பணம் வெளியே போகிறது. 1932 ஜனவரியில் கொடியை ஏந்திய கையோடு தடியடி பட்டு உயிர் நீத்த குமரனுடைய ஊர் இது. கதர் நூற்ற ஊர். அந்நியத் துணியை வேண்டாம் என்று சொன்ன ஊர். அந்நியப் பெட்ரோலை வேண்டாம் என்று இன்று முழுவதும் சொல்ல முடியாவிட்டாலும், வீணாக்க மாட்டோம் என்றாவது சொல்லலாமே?

கடைசியாக ஒரு வார்த்தை, டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு. "அதெல்லாம் டிரைவர் பார்த்துக் கொள்வார்" என்பார்கள். பார்த்துக் கொள்ளத்தான் செய்வார். ஆனால் சொந்தக்காரர் கேட்காத கேள்விக்கு எந்தச் சம்பளக்காரரும் பதில் தயாராக வைத்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு கூடவே நின்று முன்மூடியைத் திறந்து பாருங்கள். அவர் சொல்லுகிற குறையைக் கவனமாகக் கேளுங்கள். டயர் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று தள்ளாதீர்கள். அந்த வண்டியில் முதலில் உட்காருகிறவர் அவர்தான். அவருக்கும் வீட்டில் மனைவியும் மக்களும் காத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் அழைத்து, ஆளுக்கொரு பனியன் துணியைக் கையில் கொடுங்கள். கையில் அழுக்குப் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிக் கொள்ளலாம். கவனக் குறைவால் வந்த நஷ்டத்தைக் கழுவுவதற்கு எந்தக் கடையிலும் சோப்பு விற்பதில்லை.