நினைத்தால் பணம் வருமா? அல்லது புது வேஷத்தில் பழைய தலைவிதி

நமது நாட்டில் கொஞ்ச காலமாக ஒரு புது மதம் பரவி வருகின்றது. அதற்குக் கோவில் இல்லை, குளம் இல்லை, விக்கிரகமும் இல்லை. ஆனால் காணிக்கை மாத்திரம் உண்டு. "நான் பணக்காரன் ஆகிவிட்டேன் என்று மனதில் நினைத்துக் கொள், காலையிலும் இரவிலும் அதையே சொல்லிக் கொண்டிரு, பணம் உன்னைத் தேடி வரும்" என்பதுதான் இம்மதத்தின் மூலமந்திரம். இதைக் கற்றுக் கொடுக்க டவுன்களில் மண்டபம் பிடித்து, ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள். வியாபாரத்தில் நொடித்த கடைக்காரரும், உத்தியோகம் கிடைக்காத பட்டதாரியும் கைமாற்று வாங்கிக் கொண்டு போய் அதில் உட்காருகிறார்கள். ஆதலால் இதன் யோக்கியதையைச் சற்று விசாரித்துப் பார்ப்பது நமது கடமையாகின்றது.

இச்சரக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. 19-வது நூற்றாண்டில் குவிம்பி என்ற கடிகாரத் தொழிலாளி ஒருவர், நோயெல்லாம் தப்பான நினைப்பினால் வருவது, நினைப்பை மாற்றினால் நோய் போய்விடும் என்று அங்கு சொல்லி வந்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் நோய்க்குச் சொன்னதை ஏழ்மைக்கும் சொல்லத் தலைப்பட்டார்கள். 1910-ல் வாலஸ் வாட்டில்ஸ் என்பவர் பணக்காரனாவதையே ஒரு விஞ்ஞானம் என்று புத்தகம் போட்டார். 1937-ல் நெப்போலியன் ஹில் என்பவரும், 1952-ல் நார்மன் வின்சென்ட் பீல் என்ற பாதிரியாரும் ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள். 2006-ல் "இரகசியம்" என்று பொருள்படும் பெயரால் ஒரு படமும் புத்தகமும் வந்து, காந்தம் இரும்பை இழுப்பது போல் நினைப்பு பணத்தை இழுக்கும் என்று உலகெங்கும் பறை அறைந்தன.

இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 1929-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. 1933-ல் அங்குள்ள தொழிலாளிகளில் சுமார் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. 1929 வரையில் சரியாக நினைத்துக் கொண்டிருந்த அத்தனை கோடி மக்களும் திடீரென்று ஒருநாள் தப்பாக நினைக்க ஆரம்பித்து விட்டார்களா? பிறகு சர்க்கார் பணம் போட்டு வேலைகள் ஏற்படுத்தியதும், யுத்தம் வந்து தொழிற்சாலைகள் இராப்பகலாய் ஓடியதுமான காரணங்களால் வேலை கிடைத்தபோது, எல்லோரும் ஒரே சமயத்தில் சரியாக நினைக்கக் கற்றுக் கொண்டார்களா?

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டில் 2003-ல் தடுக்கப்படும் வரை லாட்டரிச் சீட்டு தெருத்தெருவாய் விற்றது. சீட்டு வாங்கியவர்களில் "எனக்கு விழாது" என்று நினைத்து வாங்கியவன் ஒருவனாவது உண்டா? எல்லோரும் விழும் என்றுதான் நினைத்தார்கள். வீடு கட்டுவதாகவும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதாகவும் கனவுகூடக் கண்டார்கள். விழுந்தது எத்தனை பேருக்கு? தாலியை அடகு வைத்தவர்கள் எத்தனை பேர்?

நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியவன் வருஷத்துக்கு 6,000 ரூபாய் வட்டி மாத்திரம் கட்ட வேண்டும். அவன் படுக்கும்போது "நான் லட்சாதிபதி" என்று நூறு தடவை ஜெபித்தால், லேவாதேவிக்காரன் ஒரு மாத வட்டியையாவது தள்ளி விடுவானா?

"நினைத்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே" என்பார்கள். வேண்டுதல் பலித்தால் சாமியின் மகிமை, பலிக்காவிட்டால் பக்தி போதாது என்று பூசாரி சொல்லுவதில்லையா? அதே கதைதான் இது. பணம் வந்தால் மந்திரத்தின் சக்தி, வராவிட்டால் நீ சந்தேகப்பட்டாய் என்பார்கள். எப்படிப் போனாலும் குற்றம் நம் தலையில், கட்டணம் அவர்கள் பையில்.

நிற்க, இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற மனோதத்துவ அறிஞர், படிப்பு முடிந்து வேலை தேடிய ஜெர்மன் மாணவர்களைக் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார். வேலை கிடைத்து விட்டதாகவே அடிக்கடி இன்பக் கனவு கண்டவர்களுக்கு இரண்டு வருஷத்திற்குப் பின் பார்த்தபோது வேலையும் குறைவாகவே கிடைத்தது, சம்பளமும் குறைவாகவே இருந்தது. அவர்கள் போட்ட மனுக்களும் குறைவு. சாப்பிட்டு விட்டதாக நினைத்தவன் அடுப்பு மூட்டுவானா? ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இக்கொள்கையில் நம்பிக்கை அதிகமுள்ளவர்களிடம் ஆபத்தான முதலீடுகளில் மோகமும், திவாலான அனுபவமும் அதிகமாய்க் காணப்பட்டன.

பணம் போனதோடு நின்றாலும் பரவாயில்லை. மேலே சொன்ன 2006-ம் வருஷத்துப் படத்தில் தோன்றிய ஜேம்ஸ் ரே என்ற ஆசாமி, 2009-ல் அரிசோனாவில் தலைக்கு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக் கொண்டு நடத்திய முகாமில், சூடேற்றிய கூடாரத்துக்குள் ஆட்களை அடைத்து உட்கார வைத்தார். மூன்று பேர் மாண்டார்கள். 2011-ல் கோர்ட்டார் அவருக்கு இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார்கள்.

இவ்வளவையும்விடப் பெரிய கேடு ஒன்றிருக்கிறது. சேற்றில் உழைக்கிறவன் பட்டினி கிடப்பதும், சாய்வு நாற்காலியில் கிடக்கிறவன் வயிறு பெருப்பதும் ஏன் என்று கேட்டால், "அது அவனவன் முன்ஜென்ம வினை" என்று புரோகிதன் சொல்லி வைத்தான். அந்தப் புரட்டை நாம் ஊர் ஊராய்ப் போய் அடித்து நொறுக்கி, கூலி குறைவு, வட்டி அதிகம், நிலமில்லை, படிப்பில்லை, சாதி என்பவைதான் காரணம் என்று மக்களுக்குக் காட்டினோம். இப்போது அதே தலைவிதி, கோட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டிக் கொண்டு, "நீ ஏழையாயிருப்பது உன் நினைப்பின் பலன்" என்று வந்து நிற்கின்றது. பழைய புரட்டிலாவது முன்ஜென்மத்தின் மேல் பழி போயிற்று. இதிலோ நேற்று ராத்திரி நினைத்த நினைப்பின் மேலேயே பழி! வாட்டில்ஸ் தமது புத்தகத்தில் ஏழ்மையைப் பற்றிப் பேசவும் வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம் என்றே உபதேசம் செய்கிறார். இது யாருக்குச் சௌகரியம்? அமெரிக்காவில் 1994-ல் ஒரு பெரிய தொலைபேசிக் கம்பெனி 15,000 பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்த அன்றே, தன் ஆட்களை "வெற்றி"யைப் பற்றிய உற்சாகக் கூட்டத்துக்கு அனுப்பியதாக பார்பரா எரென்ரைக் அம்மையார் எழுதியிருக்கிறார். கூலியைக் கேட்க வேண்டியவன் தன் மனதையே குற்றம் சொல்லிக் கொண்டிருந்தால் முதலாளிக்கு அதைவிட என்ன வேண்டும்?

அப்படியானால் மனிதன் தைரியத்தை விட்டுவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தைரியம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தன் திறமையையும் அனுபவத்தையும் பார்த்து "முடியும்" என்று எதிர்பார்த்த மாணவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள் என்று மேற்படி ஓட்டிங்கனின் ஆராய்ச்சியே காட்டுகின்றது. அதற்குப் பெயர் தன்னம்பிக்கை. கண்ணை மூடிக் கொண்டு "வந்துவிட்டது" என்று ருசிப்பதற்குப் பெயர் பைத்தியம்.

1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க உரிமை கேட்டவர்கள், "தெரு திறந்துவிட்டது" என்று வீட்டிலிருந்தபடி ஜெபித்துக் கொண்டா இருந்தார்கள்? தடை எங்கே இருக்கின்றது என்று கண்ணைத் திறந்து பார்த்து, அங்கேயே போய் நின்றார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 1921-ல் வந்த வகுப்புவாரி உத்தரவும், இன்று நம் பிள்ளைகள் உட்காரும் உத்தியோக நாற்காலியும் யாருடைய ஜெபத்தினால் வந்தன?

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை ஒருவன் உங்களிடம் வந்து பணத்தை இழுக்கும் நினைப்பைக் கற்றுத் தருவதாகச் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அய்யா, நினைத்தால் பணம் வருமென்றால், நீர் வீட்டில் உட்கார்ந்து நினைத்துக் கொள்ளாமல் எங்களிடம் கட்டணம் வாங்க வருவானேன்?" அதற்குப் பதில் வந்தால் நமக்குத் தெரிவியுங்கள். அதுவரையில் அந்தக் கட்டணத்தைக் கொண்டு கடனில் ஒரு பங்கை அடையுங்கள், அல்லது பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.