நஞ்சு தாழ்வாக இருக்கிறதா?

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில், "நஞ்சு தாழ்வாக இருக்கிறது" என்று ஒரு வரி இருந்து விட்டால் போதும், வீடே கலங்கிப் போய் விடுகிறது. "படி ஏறாதே, காலைத் தூக்கி வைத்துக் கொள்" என்று ஆளுக்கொரு கட்டளை! சகோதரிகளே, அந்த ஒரு வரி முடிவான தீர்ப்பல்ல.

குழந்தைக்கு ஆகாரமும் பிராண வாயுவும் நஞ்சின் வழியாகத்தான் போகின்றன. சிலருக்கு அது கர்ப்பப்பையின் அடியில், வாய்க்கு அருகில் ஒட்டிக் கொள்கிறது. மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் நீண்டு விரியும். நஞ்சும் வாயை விட்டு விலகும். பலூனில் ஒரு பொட்டு வைத்து ஊதிப் பாருங்கள், புரியும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இப்படியே சரியாகி விடுகிறது. காலைத் தூக்கி வைப்பதால் அல்ல!

மீதி ஒருத்தி யார்? அதைச் சொல்வது 32-வது வாரத்து ஸ்கேன். நம் வீடுகளில் வளைகாப்பு முடிந்து பெண் பிறந்தகம் போவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். பார்த்த டாக்டர் ஓர் ஊரில், பார்க்கப் போகும் டாக்டர் வேறோர் ஊரில். நடுவே இந்த ஸ்கேன் விட்டுப் போகிறது. ஆகவே பட்டுப் புடவையோடு பழைய ரிப்போர்ட்டையும் பெட்டியில் வையுங்கள்.

பிறப்புறுப்பின் வழியாக மெல்லிய கருவியை வைத்துப் பார்ப்பதுண்டு. கூச்சமோ பயமோ வேண்டாம். அதனால் கெடுதல் இல்லை. அளவும் துல்லியமாகத் தெரியும். நஞ்சின் ஓரம் கர்ப்பப்பை வாயிலிருந்து 20 மில்லிமீட்டருக்கு அப்பால் இருந்தால் சுகப் பிரசவத்துக்குக் காத்திருக்கலாம். அதற்குள் இருந்தால் 36-வது வாரத்தில் மறுபடி பார்த்து, தூரத்தையும் உதிரப் போக்கையும் வைத்து டாக்டர் முடிவு செய்வார். வாயையே மூடியிருந்தால் சிஸேரியன்தான். உதிரப் போக்கு இல்லாவிட்டால் பெரும்பாலும் 36, 37 வாரங்களில் செய்வார்கள். ரத்தம் தயாராக உள்ள பெரிய ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். முன்பே சிஸேரியன் ஆனவர்கள் அதை அவசியம் சொல்லுங்கள். பழைய தழும்பில் நஞ்சு ஊடுருவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடையில் வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் பட்டால், "வலிக்கவில்லையே" என்று வீட்டில் இருந்து விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நஞ்சு தாழ்வாக இருப்பதை முதலில் சொல்லுங்கள். விரலால் உட்பரிசோதனை செய்தால் ரத்தம் பெருகக்கூடும். ஸ்கேன் வராத காலத்தில் டாக்டர்கள் ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராக வைத்துக் கொண்டுதான் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். கிளாஸ்கோ டாக்டர் அயன் டொனால்ட் 1958-ல் அல்ட்ராஸவுண்டு படங்களை வெளியிட்ட பிறகே அந்த நிலை மெல்ல மாறியது.

இன்று தொடாமலே தெரிந்து கொள்ளலாம். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே இந்த ஸ்கேனுக்கும் ஒரு நாள் குறித்து விடுங்கள்.