குட்டி ஈனும் மீன்களும் நம் வீட்டுத் தொட்டியும்

பாண்டுப்பில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவும் ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே கொண்டவை. ஆடு மாடு கட்ட இடமில்லை. நாய் வளர்க்க அண்டை வீட்டார் இசையார். ஆயினும் ஓர் உயிரைப் பேணி வளர்க்கும் ஆசை குழந்தைகளுக்கு இயல்பாக எழுகின்றது. அதற்கு எளிய வழி கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல். மெரீன் டிரைவில் 1951-இல் திறக்கப்பெற்ற தாராப்பூர்வாலா மீன்காட்சி நிலையத்தைக் கண்டு திரும்பிய பிள்ளைகள், "நம் வீட்டிலும் மீன் வேண்டும்" என்று அடம்பிடித்தது பல தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவிருக்கும்.

எம் மகளின் விருப்பத்திற்கிணங்கி ஒருநாள் பன்னிரண்டு கப்பி மீன்களை வாங்கி, இரயிலில் ஏறி வீடு வந்தோம். தொட்டியில் குழாய் நீரை நிரப்பி உடனே மீன்களை விட்டோம். மறுநாள் விடியலில் ஏழு மீன்கள் மிதந்தன. "நாம் என்ன தப்புச் செய்தோம், அப்பா?" என்று அவள் கேட்டாள். அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் கற்றுத் தெரிந்ததை அன்பர்களுக்கு இங்கே கூறுகிறோம்.

முதற் பிழை நீரில். நம் பாண்டுப்பிலுள்ள மாநகராட்சி நிலையத்தில் நாள்தோறும் நூறு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட ஏரி நீர் தூய்மை செய்யப்பெற்று நகருக்குச் செல்கிறது. கிருமிகளைக் கொல்ல அதில் சேர்க்கப்படும் குளோரின் நமக்குத் தீங்கற்றது. மீனின் செவுள்களையோ அது புண்ணாக்கும். ஆகையால் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் முழுதும் வைத்திருந்து பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் பிழை அவசரம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. அதனை மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள, ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும் தொட்டியில், முதலில் நான்கு மீன்களே போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே உணவிடுக. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக.

மூன்றாவது, எண்ணிக்கை. தென்னமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் தாயகமாகக் கொண்டது கப்பி. டிரினிடாடிலிருந்து 1866-இல் இம்மீனை இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியவரின் பெயரே இதற்கு வழங்குகிறது. இது முட்டையிடுவதில்லை, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொருமுறை இருபது, முப்பது என உயிருள்ள குஞ்சுகளையே ஈனும். பிளாட்டி, மாலி, வாள்வால் மீன் ஆகியனவும் இவ்வினத்தவையே. ஒருமுறை இணைந்த பெண் மீன் விந்தைத் தன்னுள் சேமித்துப் பல மாதங்கள் ஈனும். எனவே பெண் மீன்களை மட்டும் வாங்கினாலும் குஞ்சுகள் தோன்றும். அக்குஞ்சுகளும் இரண்டு மூன்று மாதங்களில் பருவமடையும்.

குஞ்சு வேண்டுவோர் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்களை வாங்குக. குஞ்சுகள் தாயின் வாய்க்குத் தப்ப அடர்ந்த நீர்ச்செடிகளை வைக்குக. வேண்டாதோர் ஆண் மீன்களை மட்டும் வாங்குக. ஆண் கப்பி சிறியது, வண்ண வாலுடையது, அதன் அடிவயிற்றுத் துடுப்பு குச்சிபோற் கூர்ந்திருக்கும்.

பெருகிய மீன்களை என் செய்வது? போவாய் ஏரியிலோ விஹார் ஏரியிலோ விட்டுவிடலாம் எனச் சிலர் எண்ணுவர். கொசுப்புழுவை ஒழிக்க மாநகராட்சியே கப்பிகளை விடுகின்றதே என்றும் கேட்பர். அது தேர்ந்தெடுத்த தொட்டிகளிலும் கிணறுகளிலும் செய்யப்படும் பணி. ஏரியில் நாம் விடும் அயல் மீனோ அங்குள்ள சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். மிகுந்தவற்றைக் கடைக்காரரிடமோ, வளர்க்க விரும்பும் அன்பரிடமோ கொடுப்பதே முறை.

இப்போது எம் தொட்டியில் ஐந்து ஆண் கப்பிகள் உள்ளன. இன்னும் வாங்கலாமா என்று கேட்டோம். "இவை நன்றாயிருக்கட்டும், அப்பா, அது போதும்" என்றாள் மகள். மீன் வாங்கப் புறப்படும் அன்பர்கள், எத்தனை உயிர்களை இறுதிவரை பேண இயலும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படுவார்களாக.