நீங்கள் எவடம்?

நம்மட நாட்டில் தமிழ் பேசுகிற இரண்டு பேர் முதன்முதலாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்ததாக வருகிற கேள்வி இதுதான். கம்பஸ் விடுதியில, பஸ்ஸில பக்கத்து சீற்றில, கலியாண வீட்டுப் பந்தியில, எங்க எண்டாலும் வரும். கொழும்பில் பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளை "வெள்ளவத்தை" எண்டு சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி வராது. "அது சரி தம்பி, சொந்த இடம் எது?" எண்டு அடுத்த கேள்வி விழும். அப்பப்பா பிறந்த ஊரின் பெயர் வாயில வருமட்டும் விடமாட்டினம்.

ஊரைச் சொன்னாலும் முடியாது. "அங்க எந்தப் பக்கம்? கோயிலடியோ, கடற்கரைப் பக்கமோ? ஆற்ற பேரன்?" இந்த மூன்றாவது கேள்விக்கு வரும்போது கேட்கப்படுவது இடம் இல்லை, சாதி. வாயால கேட்கக் கூச்சப்படுகிற ஒன்றை வரைபடம் போட்டுக் கண்டுபிடிக்கிற வேலை இது. யாழ்ப்பாணத்தில் எந்தக் குறிச்சியில் யார் இருப்பார்கள் என்பது பெரியாக்களுக்கு மனப்பாடம். தட்டாதெரு என்று ஒரு தெருவே இருக்கிறது, பெயரிலேயே தொழில் ஒட்டியிருக்கு. ஆகவே "சும்மா கேட்டனான்" என்று யாராவது சொன்னால் நாங்கள் நம்புவதில்லை.

ஏ.எல். இல் புவியியல் படித்தவர்களுக்கு மானிடப் புவியியல் என்றால் சனத்தொகைக் கூம்பகமும் குடியிருப்பு வகைகளும்தான் ஞாபகம் வரும். அந்தத் துறைக்குள்ளேயே வேறொரு பேச்சும் இருக்கிறது, மனுசருக்கும் இடத்துக்கும் உள்ள பிணைப்பைப் பற்றியது. 1977 இல் யி-ஃபு துவான் எழுதிய புத்தகத்தின் அடிப்படை எளிமையானது: வெறும் வெளி வேறு, இடம் வேறு. பழகப் பழக, அனுபவம் சேரச் சேர, வெளி இடமாகிறது. அதற்கு ஒரு வருடம் முன்னம் எட்வர்ட் ரெல்ஃப் எழுதியது "உள்ளே இருப்பது" என்ற உணர்வைப் பற்றி. ஓரிடத்துக்கு உள்ளே இருக்கிறோம் என்று எவ்வளவு ஆழமாக உணர்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த இடம் எங்கட அடையாளத்தின் பகுதியாகிறது என்பது அவருடைய வாதம். வாசிக்க இனிமையாக இருக்கிறது. கிணற்றடி, ஒழுங்கை, பூவரசு வேலி எல்லாம் கண்முன்னே வரும். ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணி அள்ள விடப்படாதவருக்கு அந்த ஊர் எப்படி "உள்ளே" ஆகும் என்று இவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது. ஊருக்குள் பிறந்தும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பாசம் என்று நாங்கள் சொல்வது பல வேளைகளில் காணியும் கோயில் உரிமையும் இருந்தவர்களின் பாசம்.

வலி வடக்கைப் பாருங்கள். 1990 இல் சனம் வெளிக்கிட்டது. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 இல், 27 வருடம் கழித்து. திரும்பிப் போனவர்களில் உறுதி வைத்திருந்தவர்களுக்குக் காணி கிடைத்தது. முன்பு பிறர் காணியில் குடியிருந்தவர்கள் எங்கே திரும்புவது? முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்த பிள்ளையும் "எவடம்?" என்று கேட்டால் ஒருநாளும் இருந்திராத ஊரின் பெயரைத்தான் சொல்கிறது. அந்த ஊரில் அதற்கு ஒரு பரப்புக் காணியும் இல்லை.

வடக்கு முஸ்லிம்களின் கதை இன்னும் சிக்கல். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி புத்தளத்தில் தங்கியது. யாழ்ப்பாணத்தில் சோனகத்தெருச் சனத்துக்குக் கொடுக்கப்பட்டது சில மணித்தியாலம். புத்தளத்தில் அவர்களுக்கு நீண்ட காலம் கிடைத்த பெயர் "அகதி". திரும்பி யாழ்ப்பாணம் வந்தால் "புத்தளத்து ஆக்கள்". புத்தளத்திலேயே பிறந்து, அங்கேயே கூட்டாளிமார் சேர்த்து, அங்கேயே கலியாணம் கட்டினவருக்கு எது ஊர்? இரண்டும் என்று சொன்னால் என்ன குற்றம்? ஆனால் அரசாங்கப் படிவத்தில் நிரந்தர முகவரிக்கு ஒரே ஒரு பெட்டிதான். இடம்பெயர்ந்தவர் தன் பழைய ஊரில் வாக்காளராகப் பதிவதற்கு 2013 இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாக்கு, நிவாரணம், பள்ளிக்கூட அனுமதி, காணி எல்லாம் அந்தப் பெட்டியில் எதை எழுதுகிறோம் என்பதில் தொங்குகிறது. தமிழராகிய நாங்கள் இதைப் பற்றி எவ்வளவு கதைத்திருக்கிறோம் என்றும் ஒருக்கா யோசிக்கலாம். எங்கட ஊர் நினைவுக் கட்டுரைகளில் பக்கத்துத் தெருவில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் எப்படி இல்லாமல் போனார்கள் என்ற வரி அனேகமாக இருக்காது.

மலையகத்துக்கு வந்தால் "எவடம்?" என்ற கேள்வியே வேறு தொனியில் கேட்கப்படுகிறது. "நீங்க இந்தியாவோ?" இருநூறு வருடமாக இங்கே வேலை செய்த சனத்திடம் கேட்கிற கேள்வி அது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், திரும்பவும் தேயிலைக்குள்ளேயே குடியேற்றப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் "சிலோன்காரங்க". இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்! துவான் சொன்ன அனுபவமும் பழக்கமும் இந்தச் சனத்திடம் நிறையவே இருந்தது. தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்றிருக்க, தொழிலாளர்கள் தங்கட வாயில் வேறு பெயர் வைத்தார்கள். மலைக்கு மலை, நம்பருக்கு நம்பர் தனிப்பெயர். இதைவிட ஆழமாக ஒரு நிலத்தை எப்படி "இடம்" ஆக்குவது? ஆனாலும் லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் போகும், அங்கிருந்து எப்ப வருமோ அப்ப வரும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பிந்திக் கிடைத்து வேலையை இழப்பது லயத்தில் ஒன்றும் புதுக்கதை இல்லை. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, முன்னோர் நடந்து வந்த வழியாக, அது சும்மா நினைவுச் சடங்கு இல்லை. எங்கட இடம் இதுதான் என்று காலால் சொன்னது.

டொரீன் மாசி என்ற புவியியலாளர் 1991 இல் ஒரு கட்டுரை எழுதினார். லண்டனில் தான் இருந்த பகுதியின் கில்பேர்ன் வீதியை வைத்துக்கொண்டு, ஒரு இடத்துக்கு ஒரே அடையாளம் என்று இல்லை, அது பல திசையிலிருந்தும் வந்த உறவுகள் சந்திக்கிற புள்ளி என்று சொன்னார். வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பின்னேரம் நடந்தால் அவர் சொல்வது விளங்கும். சிங்களக் கடை, முஸ்லிம் கடை, யாழ்ப்பாணத்து ஒடியல் மாவும் வல்லாரையும், கனடாக் காசில் எழும்பின தொடர்மாடி. எங்களுக்கு இந்தப் பார்வை பிடிக்கும். ஆனால் அதே வெள்ளவத்தைதான் 1983 யூலையில் எரிந்தது. 2007 யூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது, கொழும்பில் நிற்பதற்குத் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. "உன்ர இடம் அங்க, இங்க இல்லை" என்று அரசு சொன்னால் இடத்தைப் பற்றிய எல்லாத் தத்துவமும் பஸ் படியில் நின்றுவிடும்.

இதைச் சொன்னால் ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. சொந்த ஊர் என்ற பேச்சையே விட்டால், காணியைப் பிடித்து வைத்திருக்கிற இராணுவத்திடமும் குடியேற்றத் திட்டங்களிடமும் எதைக் காட்டிக் கேட்கிறது? 2017 இல் கேப்பாப்புலவில், பிலக்குடியிருப்பில், பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை முகாமுக்கு முன்னால் ரோட்டில் இருந்து கேட்டது "எங்கட காணி" என்றுதான். அந்தச் சொல் இல்லாமல் அந்தப் போராட்டம் இல்லை. நாங்கள் அதை விடச் சொல்லவில்லை. பறித்தவனிடம் "எங்கட இடம்" என்பது ஒன்று. பக்கத்தில் வந்து இருக்கிறவரிடம் "நீ எவடம்?" என்பது வேறொன்று. முதலாவது உரிமை கேட்கிறது, இரண்டாவது ஆளை அளக்கிறது. இரண்டையும் ஒரே ஊர்ப்பற்று என்று கட்டி வைப்பதுதான் எங்கட பிரச்சினை. வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களும் இதிலே சேர்த்தி. கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கக் காசு வருகிறது, அதே ஊரில் காணி இல்லாத குடும்பத்துக்கு இரண்டு பரப்பு வாங்கிக் கொடுக்கிற சங்கங்கள் குறைவு.

ஆகவே சில விசயங்களைக் கேட்கிறோம். பிரதேச செயலகப் படிவங்களில் ஒருவர் இரண்டு ஊருக்கு உரித்துடையவராக இருக்க ஒரு வழி வேண்டும். லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் தனி முகவரியும் வேண்டும், தபால் வாசலுக்கு வரவேண்டும். எங்கட வயதுக்காரரிடம் கேட்பது இன்னும் சின்ன விசயம்: ஒருவர் "வெள்ளவத்தை" என்றோ "புத்தளம்" என்றோ சொன்னால், அதோடு விடுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்காதீங்கோ. சாப்பிட்டாச்சோ எண்டு கேளுங்கோ.