மூக்கறுக்கப்பட்ட தாய்

ஆங்கிலேயர் கப்பலேறி வந்தால் ஆக்கிரமிப்பு. ராஜேந்திரன் கப்பலேறிப் போனால் வீரம். இந்த இரட்டைத் தராசை மேடைதோறும் பார்த்துச் சலித்துவிட்டோம். 1025இல் கடாரம் வென்றதைச் சொல்லி மீசை முறுக்குகிறவர்களைக் கேட்கிறேன்: பெண்ணின் உடலை மறைத்துவிட்டு உங்கள் பேரரசின் கதையைச் சொல்ல முடியுமா?

கல்வெட்டுகளால் முடியவில்லை. ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி ஈழப்போரைப் பாடுகிறது. வீரசலாமேகன் என்ற அரசனின் தமக்கையைச் சிறைபிடித்ததையும் அவன் தாயின் மூக்கை அறுத்ததையும் வெற்றிகளின் வரிசையில் வைக்கிறது. மகனை வென்றது போதவில்லை. தாயின் முகத்திலும் வெற்றியை எழுத வேண்டியிருந்தது.

சாளுக்கியர் நாட்டு ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோழப்படை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது, பெண்களைச் சீரழித்தது என்று அது குற்றம்சாட்டுகிறது. 'எதிரி எழுதியது, படையே ஒன்பது லட்சம் என்று மிகைப்படுத்துகிறது' என்பீர்கள். மிகை என்றே வைத்துக்கொள்வோம். மூக்கறுத்த செய்தியைப் பொறித்தது எந்த எதிரி? 'அந்தக் காலத்து அறம் அப்படி' என்றும் சொல்வீர்கள். ஹொட்டூரில் முறையிட்டவர்களும் அந்தக் காலத்தவர்கள்தாம். அது கொடுமை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேரரசுக்கு நியாயம் எங்கிருந்து வந்தது? ராஜராஜனின் மெய்க்கீர்த்தி நிலத்தைப் பெண்ணாக்கி, திருமகளைப் போலவே அவளும் அவனுக்கு உரிமையானவள் என்று தொடங்குகிறது. உரிமை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மனைவி, அரசனின் மகளிர் என்ற பொருளும் உண்டு. நிலம் பெண், பெண் உடைமை, வென்றவன் கணவன். இந்தக் கல்யாணத்தில் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. சோழ அரண்மனைகளின் வேளங்களில் பணிசெய்த பெண்களில் போரில் பிடிபட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த 'உரிமை' என்னவாக இருந்தது என்று எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாது.

ஒரு படையெடுப்பு நியாயமா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி வென்றவனின் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. வெள்ளையனின் ஆட்சியை அளக்க, சுரண்டப்பட்ட நம்மைத்தானே சாட்சிக்கு அழைத்தோம்? சோழனை அளக்கவும் அதே முறைதான். 'நம்மவன்' என்பது விலக்குக் கேட்கக் காரணமாகாது.

பாடநூலில் கடாரம் இருக்கட்டும். அதே பக்கத்தில் அந்தத் தாயும் இருக்க வேண்டும்.