புகார் வராத கம்பெனி

திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் மில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய பேச்சு எங்கே கிளம்பினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. "அத்தனை பொம்பளைங்க வேலை பாக்குற எடம். தப்பு நடந்திருந்தா ஒருத்தியாச்சும் வாயத் தெறந்திருக்க மாட்டாளா?" மில் மேலாளர் அதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்: "எங்க யூனிட்ல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்ல சார்." பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கையில் இது ஒரு கட்டத்துக்குள் பூஜ்ஜியமாக உட்கார்ந்திருக்கும். புகார் இல்லாவிட்டால் குற்றமும் இல்லை என்ற கணக்கைப் படித்தவர்களும் நம்புகிறார்கள், படிக்காதவர்களும் நம்புகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களும் நம்பித்தான் அவளைக் கம்பெனி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அது பொய்க் கணக்கு. உயிரைக் காவு வாங்கிய பொய்க் கணக்கு.

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலை, திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. எச் அண்ட் எம் போன்ற உலக பிராண்டுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த இடம். 2021 ஜனவரித் தொடக்கத்தில் அங்கு வேலை பார்த்த ஜெயஸ்ரீ என்ற இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அந்த வழக்கில் கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அந்த ஆள் தொல்லை கொடுப்பதாக மகள் தன்னிடம் சொன்னதையும், மேலே இருப்பவனை எதிர்த்தால் வேலை போய்விடும் என்று அவள் பயந்ததையும் தாய் பிறகு வெளியே சொன்னார். "ஜெயஸ்ரீக்கு நீதி" என்று இயக்கம் கிளம்பிய பிறகுதான் அந்த ஆலையின் வேறு பல பெண்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சங்கத்திடமும் பத்திரிகைகளிடமும் பேசத் தொடங்கினார்கள். அதுவரை அவர்களுக்கு எதுவுமே நடக்காமலா இருந்தது?

"ஏன் சொல்லல?" என்று கேட்பவர்கள் ஒரு தையல் லைனின் உள்ளே நின்று பார்க்க வேண்டும். எந்த மிஷினில் யார் உட்கார்வது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் டார்கெட், கக்கூசுக்கு எப்போது எழுந்து போகலாம், திருவிழாவுக்கு லீவு உண்டா, மாலையில் ஓ.டி. நிற்க வேண்டுமா என்பதெல்லாம் லைன் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருகிறது. பகைத்துக்கொண்டவளுக்கு மறுநாளே பழக்கமில்லாத ஆபரேஷன் கொடுத்து உட்கார வைக்கலாம். பீஸ் குறையும். குறைந்தவுடன் லைனே திரும்பிப் பார்க்கும்படி திட்டலாம். அது பதிவேட்டில் தண்டனையாக ஏறாது, "உற்பத்திக் குறைவு" என்றுதான் ஏறும். தோளில் கை வைப்பவனும் அவனே, நாளைய சம்பளத்தைத் தீர்மானிப்பவனும் அவனே என்றால் அவள் யாரிடம் போய் நிற்பாள்? அவனுக்கு மேலே இருக்கும் மேலாளருக்கு வேண்டியது ஷிப்மென்ட். நேரத்துக்குச் சரக்கை ஏற்றிவிடும் சூப்பர்வைசரை எந்த மேலாளரும் லேசில் விட்டுவிட மாட்டார்.

வீட்டில் சொன்னால் அதைவிடப் பெரிய அடி விழும். "நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போக வேணாம்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் சம்பளம் போகும், தம்பியின் கல்லூரிக் கட்டணம் போகும், வாரச் சீட்டு நிற்கும், அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். தவறு செய்தவன் அதே லைனில் நடந்துகொண்டிருக்க, இவள் மட்டும் வீட்டுக்குள் அடைபடுவாள். ஊரில் பேச்சு வேறு. சாதியும் சேர்ந்துகொண்டால், காலனியிலிருந்து வரும் பெண்ணின் சொல்லை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனத்தை எடுத்துத் தனக்கு நற்சான்றிதழாக மாட்டிக்கொள்வது நிர்வாகத்தின் அயோக்கியத்தனம்.

படிப்பும் பதவியும் இருந்தால் இந்த நிலை மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2021 பிப்ரவரியை நினைவூட்டுகிறேன். தமிழகக் காவல்துறையின் பெண் எஸ்.பி. ஒருவர், சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்தார். செங்கல்பட்டு அருகே அவரை வழிமறிக்கக் காவலர் படையே நின்றது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. தோளில் நட்சத்திரம் வைத்த அதிகாரிக்கே புகாரைக் கொண்டுபோய்ச் சேர்க்க இத்தனை பாடு. மில் ஹாஸ்டலில் தங்கி, வார்டனிடம் அனுமதி வாங்கி வெளியே வரும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் "ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கேட்க நமக்கு எப்படி மனசு வருகிறது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1992-இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையிலிருந்து 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு பிறந்தது, 2013-இல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டமும் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அந்தக் குழுவை அமைப்பதோ முதலாளி. குழு இருப்பது நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் மட்டும்தான் என்றால் அந்தத் தாளை நம்பி யார் எழுதுவார்கள்?

பிராண்டுகளின் ஆடிட்டை நம்புகிறவர்கள் அது எப்படி நடக்கிறது என்று எந்த ஆலைத் தொழிலாளியிடமாவது கேட்கட்டும். தேதி முன்கூட்டியே தெரியும். தரை பளபளக்கும். யார் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்பது முந்தைய நாளே முடிவாகியிருக்கும். தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் பயத்தை அப்படி எண்ண முடியாது.

இனி நாச்சி அப்பேரல் ஆலையின் இன்னொரு பாதிக் கதை. 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அளவிலான கூலி இயக்கம் ஒன்றோடும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றோடும் சேர்ந்து, ஈஸ்ட்மேன் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம்முடனும் ஒப்பந்தங்கள் போட்டது. பின்னர் கேப், பி.வி.எச். பிராண்டுகளும் சேர்ந்தன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. சுமார் இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் வீதம், லைனில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மிஷின்காரியிடம் வாயால் சொன்னால் போதும், விஷயம் நகரும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கைவைக்கும் கடமை பிராண்டுக்கு இருந்தது. சாதிப் பாகுபாடும் இதே ஒப்பந்தத்துக்குள் வந்தது.

முதல் ஆண்டில் வந்த குறைகள் 185. அவற்றில் 98 விழுக்காடு தீர்க்கப்பட்டன.

புகார் இல்லாவிட்டால் குற்றமும் இல்லை என்ற கணக்குப்படி அந்த ஆண்டுதான் ஆலை மிக மோசமாகக் கெட்டுப்போன ஆண்டாக இருக்க வேண்டும். உண்மையில் அந்த ஆண்டுதான் அங்கே பெண்கள் பயமில்லாமல் பேசிய ஆண்டு. அமெரிக்காவின் ஊபரிலும் 2017-இல் ஒரு பெண் பொறியாளர் தனக்கு நடந்ததைப் பகிரங்கமாக எழுதிய பிறகு விசாரணை நடந்தது. 215 புகார்கள் அலசப்பட்டன, இருபது பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மனிதவளத் துறை, வக்கீல் படை எல்லாம் இருந்த நிறுவனம் அது.

"பொய்ப் புகார் குவிந்துவிடும்" என்ற மிரட்டலும் உடனே வரும். வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கை எடுக்க 2013 சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. சாட்சி இல்லாமல் நிரூபிக்க முடியாமல் போவதைப் பொய்யென்று கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. முன்பாதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் நிர்வாகங்கள் பின்பாதியையும் தமிழில் அச்சடித்து ஆலை வாசலில் ஒட்டட்டும்.

சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எத்தனை புகார் வந்தது என்று மாவட்ட அலுவலரிடம் அறிக்கை கொடுத்தாக வேண்டும். நூற்றுக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் ஆலை ஆண்டுக்கு ஆண்டு பூஜ்ஜியம் எழுதிக் கொடுத்தால், மாவட்ட நிர்வாகம் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்த ஆலைதான். போகிறவர்கள் பெண் அதிகாரிகளாக, முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும். மேலாளர் அறையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் புரட்டினால் போதாது. ஷிப்ட் முடிந்து ஊருக்குத் திரும்பிய பெண்களை அவரவர் தெருவிலேயே, சூப்பர்வைசர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் சந்தித்துக் கேட்க வேண்டும். உள்ளகக் குழுவில் இருப்பவர்கள் பெயர் தெரியுமா, அவர்களில் ஒருவரிடமாவது ஒரு தடவையாவது பேசியதுண்டா என்று.